தோண்டத் தோண்ட வந்த ஊருக்கு செட்டிநாட்டு வீடு! கீழடி மியூசியம் ஏன் இப்படி இருக்கு?

திருப்புவனம்:

மதுரையில் இருந்து சுமார் 12 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது கீழடி. சாதாரண தென்னந்தோப்புதான். 2015-ல் மத்திய தொல்லியல் துறை குழி போட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. செங்கல் சுவர், உறைகிணறு, பெயர் கீறிய பானை ஓடு என்று தோண்டத் தோண்ட ஒரு ஊரே கிளம்பியது.

இங்கே ஆழம்தான் வயசு. மேல் மண் புதுசு, கீழே போகப் போக பழசு. 353 சென்டி மீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை சோதித்தபோது கி.மு.580 என்று வந்தது. சுமார் 2,600 வருஷம்!

இந்தப் பொருட்களை வைக்க எப்படிப்பட்ட கட்டிடம் கட்டுவது? கண்ணாடி மாளிகை கட்டினால் ஊரோடு ஒட்டாது. பழைய ஊரை அப்படியே கட்டலாம் என்றால், அந்த வீடுகளின் மேல்பாகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் அந்த வட்டாரத்துக்கே உரிய செட்டிநாட்டு பாணியை எடுத்தார்கள். முற்றம், தூண், ஓட்டுக்கூரை என்று சுமார் 31 ஆயிரம் சதுர அடியில், 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எழுந்த மியூசியம் 2023 மார்ச் 5-ந்தேதி திறக்கப்பட்டது.

ஓட்டுக்கும் ஒரு கதை

செட்டிநாட்டு வீடு நேற்றைய கதை, கீழடி அதற்கு ரொம்ப முந்தியது. ஆனாலும் ஒரு ஒற்றுமை உண்டு. குழியில் கூரை ஓடுகளும் கிடைத்தன. மழைத்தண்ணீர் வடிய விரலால் இழுத்த பள்ளம், கயிறு போட்டுக் கட்ட ஓட்டை, எல்லாம் அதில் இருக்கிறது. அன்றும் தலைக்கு மேல் ஓடுதான்!

மூடிய குழிகள்

ஆனால் பொருளை கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பது வேறு, கிடந்த இடத்திலேயே பார்ப்பது வேறு. நிலம் விவசாயிகளுடையது என்பதால் ஆரம்பத்தில் தோண்டிய குழிகளை மூடி நிலத்தை திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 7-ம் கட்டத்தில் தோண்டிய குழிகளைத்தான் ஜனங்கள் பார்ப்பதற்காக மூடாமல் விட்டார்கள். குழிகளையே காட்சியாக வைக்கும் திறந்தவெளி மியூசியத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

குழியின் சுவரில் மண் பட்டை பட்டையாக நிறம் மாறும். ஒவ்வொரு பட்டையும் ஒரு காலத்தில் படிந்த மண்!