கல் ஒண்ணுதான், காற்றுதான் வேற

எடப்பாடியிலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு தாண்டித் தெற்கே போனால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. அங்கேயும் பக்கத்துக் குன்னமலையிலும் கிடைக்கிற அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகும். அதனால்தான் இஸ்ரோ இந்தக் கல்லை அரைத்து, ரோவர் ஓட்டிப் பார்க்கச் செயற்கை நிலா மண் செய்தது.

சரி, மண் கிடைத்துவிட்டது. அதில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று லேசரால் பார்க்க இது போதுமா? போதாது. நிலாவின் வெற்றிடமும் வேண்டும். ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

சில நானோ விநாடி மட்டும் நீடிக்கும் லேசர் துடிப்பைக் கல்லின் ஒரு புள்ளியில் குவித்தால், அந்த இடம் ஆவியாகி, 10,000 டிகிரி அளவுக்குச் சூடான பிளாஸ்மாவாகிறது. அது ஆறும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளி விடும். அதை வைத்து இது கால்சியம், இது அலுமினியம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த ஒளி எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதைச் சுற்றியுள்ள வாயுவும் தீர்மானிக்கிறது. சாம்பிராணிப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திய அறையில் போட்டால் புகை நிற்கும், ஆனா எதிரே இருப்பது தெரியாது. வெட்டவெளியில் போட்டால் உடனே கலைந்துவிடும்.

நம்ம ஊர்க் காற்றழுத்தம், அதாவது சுமார் 1000 மில்லிபார், சாத்திய அறை மாதிரி. காற்று பிளாஸ்மாவை அமுக்கிப் பிடிப்பதால் அது அதிக நேரம் ஒளிரும். ஆனால் அடர்ந்த பிளாஸ்மா, பின்னால் வரும் லேசரைத் தானே விழுங்கிக் கல்லுக்குப் போகவிடாது. நிறமாலைக் கோடுகளும் அகன்றுபோகும்.

நிலா வெட்டவெளி. தடுக்க ஆளில்லாததால் பிளாஸ்மா சட்டென்று விரிந்துவிடும். அணுக்களின் மோதல் குறைந்து, ஒளி மங்கிச் சீக்கிரமே அணையும். கோடுகள் மட்டும் மெலிதாக, தெளிவாக இருக்கும்.

ரெண்டுக்கும் நடுவில் செவ்வாய். அங்கே சுமார் 7 மில்லிபார் கார்பன் டை ஆக்சைடு. பிளாஸ்மாவைப் பிடித்து வைக்க அது போதும், லேசரை மறைக்கும் அளவுக்கு அடர்த்தியில்லை. கியூரியாசிட்டியின் கெம்கேம் 7 மீட்டர் தள்ளியிருக்கும் கல்லையும் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலாவில் அந்த வசதி இல்லை. பிரக்யான் ரோவரின் லிப்ஸ் கருவி தரைக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மேலே இருந்துதான் பார்த்தது. தென்துருவப் பகுதியில் கந்தகம் இருப்பதை அது உறுதிசெய்ததாக இஸ்ரோ 2023 ஆகஸ்டில் அறிவித்தது.

ஆக, சித்தம்பூண்டிக் கல்லைத் திறந்த மேசையில் வைத்துச் சுட்டு, அந்த அளவீட்டை நிலாவுக்குப் போட்டால் கணக்கு தப்பும். வெற்றிட அறைக்குள் வைத்துத்தான் அளவுகோல் தயாரிக்க வேண்டும். ஒரு கோடு மங்கலாக இருந்தால் அந்தத் தனிமம் குறைவு என்று உடனே முடிவு கட்டக் கூடாது. எந்த அழுத்தத்தில் எடுத்தது என்று முதலில் பார்க்கணும்.