நகலெடுக்கச் சொன்ன நிரல்

கணனியில் கடிதம் எழுதுவதற்கான 'பீசி-ரைட்' என்னும் நிரலை 1983இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் வெளியிட்டவர் பொப் வலஸ். அதைத் தொடங்குவோர்க்கு முதல் வேலை, கைக்கு வந்த பிளொப்பியை 'டிஸ்க்கொப்பி' கட்டளையால் இன்னொன்றில் நகலெடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்துவது. அக்காலக் கணனிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்கவில்லை. பிளொப்பி பழுதானால் நிரலும் போயிற்று. பின்பு 'ஈடி' என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் எழுதத் தொடங்கலாம். எழுதியது சேமிக்கும் வரை கணனியின் நினைவகத்தில் மட்டுமே நிற்கும். இடையில் மின்சாரம் நின்றால் அத்தனையும் வீண். பந்திக்கொரு தடவை சேமித்தவரே தப்பினார்.

ஆனால் நாம் சொல்ல வந்தது வேறு. மற்றக் கொம்பனிகள் நகலெடுப்பதைக் களவு என்றன. வலஸோ, நகலெடுத்து அயலவருக்கும் கொடுங்கள் என்றார். நிரல் பயன்பட்டால் 75 டொலர் அனுப்பிப் பதிவு செய்யலாம். அச்சிட்ட கையேடும் தொலைபேசி உதவியும் கிடைக்கும். பதிவு செய்தவர் கொடுத்த நகலிலிருந்து இன்னொருவர் பதிவு செய்தால், முன்னவருக்கு 25 டொலர் தரகு. நடக்காத காரியம் என்றுதான் நாமும் நினைத்திருப்போம். நடந்தது. அவருடைய குவிக்சொப்ட் நிறுவனம் இவ்வருவாயில் பல ஆண்டுகள் இயங்கியது. பணம் அனுப்பாதவரின் பிளொப்பியும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.