ஏழு வயசுப் பிள்ளை என்னைத் தூக்கிவிட்டாள்

போன கோடை விடுமுறையில் பழைய சாமான் வாங்குகிறவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். சோழவந்தான் பக்கம், வைகைக் கரையோரம் எங்கள் ஊர். பரணில் கிடந்த கமலை உருளையையும், இரண்டு இரும்புக் கிணற்று உருளைகளையும் இறக்கிப் போட்டு விலை பேசிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து லீவுக்கு வந்திருந்த பேத்தி கேட்டாள்: "தாத்தா, இது எந்த வண்டிச் சக்கரம்?"

அவளுடைய அண்ணன் அஞ்சாவது படிக்கிறான். எளிய இயந்திரங்கள் ஆறு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான்: நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு.

"கப்பி எங்கடா இருக்கு?" என்றேன்.

"புக்குல."

அது அவன் காலடியில் கிடந்தது. சாமான்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து எட்டுப் பேர். என் மகளுக்குத்தான் பிடிக்கவில்லை. "பிள்ளைகளை மண்ணுல இறக்காதீங்கப்பா. நாங்க பட்டது போதும். அதுக படிக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. சின்ன வயசில் எருக்கூடை சுமந்தவள் அவள். பதில் பேசாமல் பலகையைத் தூக்கி வந்தேன்.

பத்தடிப் பலகை, நடுவில் அரையடி உயர வேப்பங்கட்டை. ஒரு முனையில் நான் உட்கார்ந்தேன், 64 கிலோ. மறுமுனையில் பேத்தி, 18 கிலோ. நான் அசையவே இல்லை. "கட்டையை அங்கிட்டு இங்கிட்டு நகட்டிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். நாலைந்து தடவை மாற்றி மாற்றி வைத்தார்கள். கட்டை என் பக்கம் இரண்டடியில் வந்ததும் பேத்தி ஏறி உட்கார்ந்தாள், நான் மேலே போனேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அளவுக்கோலை எடுத்தேன். அவள் இறங்கியது 30 அங்குலம். நான் ஏறியது ஏழரை அங்குலம். கால் பங்கு. "தாத்தா கொஞ்சூண்டுதான் ஏறுனாரு, நான் நிறைய இறங்குனேன்" என்றாள். பாடம் மொத்தமும் இதுதான். எளிய இயந்திரம் சும்மா பலம் தருவதில்லை. பலத்தை மிச்சம் பிடித்துத் தந்து, தூரத்தைக் கூலியாக வாங்கிக்கொள்கிறது.

அடுத்தது உருளை. பத்துக் கிலோ மணல் வாளியை வேப்பமரக் கிளையில் ஒற்றை உருளை கட்டி இழுத்தார்கள். கிணற்று உருளை பாரத்தைக் குறைக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குறைக்காது. மேலே தூக்க வேண்டியதைக் கீழே இழுக்க வைக்கிறது, அவ்வளவே. நம் உடம்புப் பாரமும் சேர்ந்து இழுப்பதால் லேசாகத் தெரிகிறது. இரண்டாவது உருளையை வாளியோடு சேர்த்துக் கட்டினோம். கயிற்றின் ஒரு முனை கிளையில், மறுமுனை கையில். இழுக்கிற பலம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வாளி ஓரடி ஏற, கயிறு இரண்டடி இழுக்க வேண்டியிருந்தது. "இங்கயும் கூலி கேக்குது தாத்தா" என்றான் பேரன்.

கமலையைப் பற்றியும் சொன்னேன். உருளையில் வடம் ஓடும். மாடுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் பாரமும் சேர்ந்து சாலை மேலே இழுக்கும். அந்தச் சரிவை வெட்டியவர் எந்தப் புத்தகமும் படித்தவரில்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேரை நிறுத்தவும் திருப்பவும் போடுகிற முட்டுக்கட்டை ஆப்புதான். அழகர்மலையில் பழமுதிர்சோலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையும், மடை ஷட்டரின் திருகும் ஒரே சங்கதி. சாய்தளத்தைச் சுற்றி வைத்தால் திருகு.

கைவேலை வழியே கல்வி என்பது நமக்குப் புதிதில்லை. 1937ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி அதுதான். நம் மாவட்டத்துத் தே.கல்லுப்பட்டியில் 1940ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அந்த வழியில் வந்தது. ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடமும் அதுவே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை விளையாட விடுவது வேறு, வேலை வாங்குவது வேறு. ஆள்கூலி மிச்சம் என்று இறக்கினால் அது பாடமில்லை. கோடாரியும் கடப்பாரையும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். தொங்கும் பாரத்துக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. பலகை விளையாட்டில் முனைக்கு அடியில் கை, கால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை முதலில் சொல்லாதீர்கள். உடம்புக்குப் புரிந்த பிறகு "இதுக்குப் பேரு நெம்புகோல்" என்றால் மறக்காது.

லீவு முடிகிற வாரம், மினி வேனில் எரு ஏற்றிக்கொண்டிருந்தோம். மூன்றடி உயரத்துக்கு ஆறடிப் பலகையைச் சாய்த்து, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை நானும் மகளும் முக்கி முக்கித் தள்ளினோம். பேத்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, என்னய வச்சு விளையாடுன பலகையப் போடுங்க. அது நீளம். எருவையும் சக்கரத்துக்கிட்ட தள்ளி வைங்க, கைக்குப் பாரம் குறையும்."

பத்தடிப் பலகையைப் போட்டோம். எருவை முன்னால் தள்ளி வைத்தோம். அடுத்த நடையை மகள் தனியாகவே தள்ளி ஏற்றிவிட்டாள். மேலே நின்று மூச்சு வாங்கியவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இது தெரியாமத்தான் அத்தன வருசம் தலையில சொமந்தோமாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. வருகிற லீவுக்கும் பிள்ளைகளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். கமலை உருளை இப்போது வேப்பமரத்தில் தொங்குகிறது. உங்கள் பரணிலும் ஒன்று கிடக்கும். எடைக்குப் போடுமுன் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.