கதவைச் சாத்தியபின் தொடங்கும் கடன்

2021 ஜனவரி மாதம் மட்டும் கேரளத்தில் பதிவான பூனைக்கடி 28,186. அதே மாதத்தில் நாய்க்கடி 20,875. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதற்கு மாநில சுகாதாரத் துறை கொடுத்த கணக்கு இது. தெருநாய்களைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டை வறண்ட மாநிலத்தில், மடியில் வந்து உட்காரும் பிராணி சத்தமில்லாமல் முந்திவிட்டது. இந்தியாவில் ரேபிஸ் சாவுகளில் மிகப் பெரும்பான்மை நாயால் வருபவைதான். ஆனால் தெருவில் திரிந்து, வெறிநாயிடம் கடிபட்டு, ராத்திரி வீட்டுக்குள் வந்து படுக்கும் பூனை அந்த நோயைக் கொண்டுவரலாம். பூனைதானே பிறாண்டியது என்று மஞ்சளைத் தடவிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

தெருவிலும் வீட்டிலும் வாழும் இந்தப் பூனைகளைத் திருவனந்தபுரத்தில் பார்க்கப் பழவங்காடியைவிடத் தோதான இடம் இல்லை. ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் கணபதி கோயிலில் நாள் முழுக்கத் தேங்காய் சிதறிக்கொண்டிருக்கும். எதிரே காந்தி பார்க், கூப்பிடு தூரத்தில் கிழக்கேகோட்டை வாசல், அந்தப் பக்கம் சாலைக் கம்போளம். கம்போளத்தின் அரிசி மண்டிகளிலும் கொப்பரைக் கிடங்குகளிலும் பூனை ஒரு சிப்பந்தி. எலி பிடிப்பது அதன் உத்தியோகம். சம்பளமும் அந்த எலிதான். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்களிலும், வலியசாலை, கரமனைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும், இப்போது முளைத்திருக்கும் அடுக்குமாடிகளிலும் பூனை குழந்தையாகிவிட்டது. பெயர் உண்டு, பிறந்தநாள் உண்டு, கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க மட்டும் அனுமதி உண்டு.

வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது சரியா என்று கேட்டால், இந்த வட்டாரத்தில் சரிதான் என்பேன். ஓவர்பிரிட்ஜுக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவே பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. ஒரு நல்ல மழைக்குத் தம்பானூரும் பழவங்காடியும் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும். அதற்காகவே 2015ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் வைத்து ஓடைகளைத் தூர்வாரினார்கள். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் கலந்திருக்கலாம். போதாததற்குக் கடுவன்களின் சண்டை, அதில் பட்ட கடி சீழ்பிடித்து வரும் கட்டி. கதவைச் சாத்துவதால் பூனையின் ஆயுள் கூடுகிறது. ஆனால் சாத்திய நிமிஷத்திலிருந்து, வெளியே அது தானாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் நாம் கடன்பட்டவர்களாகிறோம். கதவைச் சாத்தும் பலர் இந்தக் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் கடன் சாப்பாடு. இதை ஒருவர் கேரள உயர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார். 2020 ஏப்ரல், முதல் ஊரடங்கு. எர்ணாகுளத்துக்காரர் ஒருவர், வீட்டில் மூன்று பூனை. பூனை பிஸ்கட் வாங்கக் கடவந்திராவுக்கு வண்டியில் போக அனுமதி கேட்டார், போலீஸ் மறுத்தது. நீதிமன்றத்தில் அவரே வாதாடினார். தான் சுத்த சைவம், வீட்டில் மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை, பூனைகளுக்கு அந்த பிஸ்கட்டை விட்டால் வேறு வழியில்லை என்றார். ஏப்ரல் 6 அன்று நீதிபதிகள் ஏ.கே. ஜெயசங்கரன் நம்பியாரும் ஷாஜி பி. சாலியும் அவரைப் போய்வர அனுமதித்தார்கள். வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்ளும் விருப்பத்தை அரசியல் சட்டத்தின் 21வது பிரிவின் நிழலிலும், அதன் பசியை 1960ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்த உத்தரவு அது. அப்போது பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கதவைச் சாத்தியவன் கடனை ஒப்புக்கொண்டு, அதை அடைக்க வழிகேட்டு நின்ற வழக்கு அது.

பழவங்காடியைச் சுற்றிய சைவ வீடுகளுக்கு இந்த வழக்கு ரொம்பவே பொருந்தும். “எங்காத்துப் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும், பதினஞ்சு வருஷம் இருந்தது” என்று சொல்லாத பாட்டி இல்லை. பாட்டி பொய் சொல்லவில்லை. அந்தப் பூனை தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு ஓட்டுக்கூரை வழியாகப் போய் எலியும் அணிலும் தின்றது. பாட்டிக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதே பூனையை மூன்றாவது மாடியில் பூட்டிவைத்துத் தயிர்சாதம் போட்டால் கண்ணும் இதயமும் கெடும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியனும் கூட்டாளிகளும் 1987ல் கண்டுபிடித்த பிறகுதான் உலகெங்கும் பூனைத் தீனிகளில் அதைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். வீட்டில் இறைச்சி புழங்கக் கூடாது என்றால், ‘முழு உணவு’ என்று அச்சிட்ட தயார் தீனிதான் வழி. மீன் வாங்கும் வீடென்றால் நெத்திலியோ மத்தியோ வேகவைத்துக் கொடுக்கலாம். மீனையே முழு உணவாக்கிவிடக் கூடாது. சில வகை மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் பி1 வைட்டமின் அழிந்துபோகும். பாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனை என்று கம்பரே தம்மைச் சொல்லிக்கொண்டதால் நமக்குப் பூனை என்றால் பால்தான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். தண்ணீரை மட்டும் தாராளமாக வையுங்கள், தீனித் தட்டைவிட்டுத் தள்ளி.

பசி தீர்ந்தால் பாக்கி தீர்ந்ததா? 2014ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களைப் பற்றிச் சொன்னது. அந்த ஐந்தில் ஒன்று, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். ஏறுவது, ஒளிவது, நகத்தைத் தீட்டுவது, பதுங்கிப் பாய்வது இவையெல்லாம் பூனையின் இயல்பு. சோபாவைக் கிழிக்கும் பூனைக்குக் கொழுப்பு ஏறிவிடவில்லை, கிழிக்க வேறொன்றும் கிடைக்கவில்லை.

வீட்டின் சதுர அடியைப் பூனை நம்மைப் போல அளப்பதில்லை. தரை அதற்குப் பாதி வீடுதான். மிச்சப் பாதி உயரத்தில் இருக்கிறது. பரணுக்கும் பீரோ தலைக்கும் போக இரண்டு பலகையைப் படிபோலச் சுவரில் அடித்தால் சின்ன ஃபிளாட்டும் பெரிதாகிவிடும். கோட்டைக்குள் இருக்கும் பழைய வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். முற்றத்தின் மேல் கம்பிவலை போட்டால் வெயில், மழைச்சாரல், காக்கை வேடிக்கை எல்லாம் பூனைக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும். பால்கனிக்கும் வலை கட்டாயம். மாடியிலிருந்து விழுந்தாலும் பூனை நாலு காலில் நிற்கும் என்று நம்பித் தாடை உடைந்த பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றி எந்த மிருக டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

நகம் தீட்டக் கடையில் விற்கும் கம்பங்கள் பெரும்பாலும் குட்டை, தொட்டால் ஆடும். பூனை முழு உடம்பையும் நீட்டி இழுக்கிற உயரம் வேண்டும், அசையவே கூடாது. கேரளத்தில் இருந்துகொண்டு இதற்கு இறக்குமதிச் சாமான் வாங்குவது அநியாயம். ஒரு கனமான மரக்கட்டையில் தென்னங்கயிற்றை நெருக்கிச் சுற்றினால் போதும். அதை மூலையில் ஒளித்துவைக்காமல், பூனை தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வேட்டைதான் பெரிய பாக்கி. வெளியே பூனை ஒரு நாளில் பத்து, இருபது தடவை சின்னச் சின்னதாகத் தின்னும்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் பதுங்கல், காத்திருப்பு, பாய்ச்சல் உண்டு. காலையில் ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம் என்று நாம் வைப்பதில் அந்த வேலையெல்லாம் பறிபோகிறது. ஈர்க்குச்சி நுனியில் நூல், நூலில் ஓர் இறகு, அதைச் சுவரோரமாக எலி ஓடுவதுபோல இழுக்க வேண்டும். முகத்துக்கு நேரே ஆட்டினால் எந்த எலியும் அப்படி வந்து நிற்காது என்று பூனைக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் போதும், கடைசியில் பிடிக்க விடுங்கள், உடனே தின்ன ஏதாவது கொடுங்கள். லேசர் ஒளிப்பொட்டைத் துரத்தவிட்டு வீடியோ எடுக்கிறவர்கள் பிடிக்க முடியாத ஒன்றைத் துரத்தவைத்து அதை ஏமாற்றுகிறார்கள். சிரட்டையில் இரண்டு மூன்று துளைபோட்டு உலர்தீனியை உள்ளே போட்டு உருட்டிவிட்டால், நாம் ஆபீஸ் போனபின் அதற்கு ஒரு வேலை. குப்பைமேனியும் இருக்கிறது. காலிமனையெல்லாம் மண்டிக் கிடக்கும் இந்தச் செடியின் வேரைப் பிடுங்கிக் கழுவிப் போட்டால் பல பூனைகள் அதன்மேல் புரண்டு சொக்கிப்போகும். பூனைவணங்கி என்று சித்த வைத்தியத்திலும், பூச்சமயக்கி என்று மலையாளத்திலும் பெயர் வாங்கியது இதனால்தான். வெள்ளைக்காரர் வீட்டுப் பூனைக்குக் கேட்னிப் என்றால் நம் ஊர்ப் பூனைக்கு இது, ஓசியில்.

மணல் பெட்டியை ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்று வைக்கச் சொல்கிறார்கள். தினமும் அள்ள வேண்டும். பெட்டிக்கு வெளியே போகும் பூனையை அடிக்காதீர்கள். சிறுநீரில் கல்லோ அடைப்போ இருக்கலாம். கடுவன் முக்கிமுக்கி உட்கார்ந்தும் சொட்டு வரவில்லை என்றால் அது நாளைக்குப் பார்க்கிற விஷயம் இல்லை, அன்றைக்கே டாக்டர்.

நம் வீடுகளில் இருக்கும் பெரிய ஆபத்து ஃபினைல் பாட்டில். அந்த வகை ரசாயனத்தைப் பிரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. துடைத்த ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கியே உள்ளே தள்ளிவிடும். பாராசிட்டமால் விஷமாவதும் இதே குறையால்தான். காய்ச்சலாக இருக்கிறதே என்று ஒரு மாத்திரையை உடைத்துக் கொடுத்து, ஆசையாக வளர்த்த பூனையைக் கொன்றவர்கள் உண்டு. நாய்க்கு உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரின் மருந்தையும் பூனைக்குத் தடவக் கூடாது. வெங்காயம், பூண்டு, பூச்சாடியில் வைக்கும் லில்லி, நம் செங்காந்தள் எல்லாம் விலக்கு.

இவ்வளவு செய்தும் அது நம்மைக் கண்டுகொள்கிறதா என்று கேட்பார்கள். கிறிஸ்டின் விட்டாலே 2019ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை எனக்குப் பிடித்தது. புதிய அறையில் பூனைக்குட்டியும் வளர்ப்பவரும் இரண்டு நிமிஷம்; பிறகு அவர் வெளியே போய் இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்புகிறார். 64 சதவீதக் குட்டிகள் அவரைப் பார்த்ததும் பதற்றம் தணிந்தன. மனிதக் குழந்தைகளிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. பாசம் உறுதியாக இருந்த குட்டி அவரை ஒட்டிக்கொண்டே கிடக்கவில்லை. ஒருமுறை உரசிவிட்டு அறையை நோட்டம் பார்க்கக் கிளம்பியது. உங்களை விட்டு நகரத் துணிகிற பூனைதான் உங்களை நம்புகிறது. டோக்கியோவில் அட்சுகோ சாய்த்தோ, பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று அதே ஆண்டு காட்டினார். கூப்பிட்டால் வரவேண்டும் என்று அவை ஒப்புக்கொண்டதாக அதில் இல்லை. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று நாம் கேலி பேசுகிறோம். பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அதுவும் பதிலுக்கு அப்படியே செய்து நெருங்கி வருகிறது என்று 2020ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். கொஞ்சுவதையும் அதுவே தொடங்கட்டும். தூக்கி அழுத்தி முத்தம் கொடுப்பதெல்லாம் நம் தேவை.

ஃபிளாட் சங்கம் பிராணி வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தால் கலங்க வேண்டாம். அப்படிப்பட்ட விதிகள் செல்லாது என்று 2021ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக வலை கட்டாமல் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் அனுப்பலாம் என்று அர்த்தமில்லை. கருத்தடையையும் தள்ளிப்போடாதீர்கள், ஐந்தாறு மாதத்தில் செய்துவிடலாம். பெண் என்று பெயர் வைத்த குட்டி கடுவனாகிவிடும் கூத்தை வைத்து மலையாள எழுத்தாளர் பஷீர் 1968ல் ‘மாந்திரிகப் பூச்ச’ என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். ஆகவே தேதி குறிக்கும் முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் முதல் தடவை, பிறகு டாக்டர் சொல்கிற கணக்கில். வீட்டைவிட்டே போகாத பூனைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கதவு ஒருநாள் திறந்துகொள்ளும்.

ஆற்றுகால் பொங்கலைத் திருவிழா நாளில் அது நடக்க வாய்ப்பு அதிகம். தெருவெல்லாம் செங்கல் அடுப்பு, புகை, லட்சக்கணக்கில் பெண்கள், வீட்டுக்குள்ளும் ஆள் நடமாட்டம். உள்ளறை ஒன்றில் மணல் பெட்டி, தண்ணீர், கவிழ்த்த அட்டைப்பெட்டி வைத்துக் காலையிலேயே பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, ‘திறக்காதே’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே தெரு பழகிய பூனையை உள்ளே பழக்க நினைப்பவர்கள் இடவப்பாதி மழை வரைக்கும் பொறுக்கலாம். ஜூன் மழை இறங்கியதும் மதில்மேல் பூனை தானாகவே காய்ந்த இடம் தேடி இறங்கும். அப்போது ராத்திரிச் சாப்பாட்டை வீட்டுக்குள் மட்டும் வையுங்கள், சாப்பிட்டபின் கதவைச் சாத்துங்கள். முதல் வாரம் கத்தும். அந்த நேரத்தில் இறகு கட்டிய ஈர்க்குச்சியை எடுத்து விளையாட்டுக் காட்டுங்கள். கத்தலுக்குப் பயந்து கதவைத் திறந்தால், கத்தினால் திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். பகலில் அடைப்பதை மழை முடிவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம். பலகையும் கயிறும் வலையும் மே மாதத்திலேயே தயாராக இருக்கட்டும். மழையில் தச்சர் வரமாட்டார்.