வெந்தயத்தின் பிசின்

வெந்தயம் ஊறவைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் சர்க்கரை இறங்குமா என்று சித்தூர் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். விதையை என்ன செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். செடிக்குக் கொட்டிவிடுகிறாராம். அப்படியானால் பலன் செடிக்குத்தான்.

வீட்டுக்கு ஒருவர் குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் காலம் இது. சர்க்கரை நோய் என்றால் என்ன என்று ஆரம்பிக்கப் போவதில்லை. பட்டை, மஞ்சள், கருஞ்சீரகம் பற்றியும் கேட்டிருக்கிறார். அவற்றை இன்னொரு வாரம் பார்ப்போம்.

வெந்தயத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அதில் கணிசமான பங்கு, தோலுக்கு அடியில் கருவைச் சூழ்ந்திருக்கும் கேலக்டோமன்னன் என்ற பிசின். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிறார்களே குவார் கோந்து, அதற்கு உறவுமுறை. தண்ணீர் பட்டால் ஊதிக் கொழகொழவென்று ஆகிவிடும். சிறுகுடலில் இது செரிப்பதில்லை. கூட இருக்கும் சோற்றையும் குழம்பையும் கெட்டியாக்கி வைக்கும். மழை நாளில் ஏரிக்கரைக் களிமண்ணில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். போய்ச் சேரலாம், நேரம்தான் ஆகும். குளுக்கோஸ் குடல் சுவரை எட்டுவதும் அப்படித்தான் தாமதமாகிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை விர்ரென்று ஏறாததற்கு முக்கியக் காரணம் இதுவே. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஓர் அமினோ அமிலமும் வெந்தயத்தில் உண்டு. விலங்குகளிடம் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பிசினை வெந்தயம் நமக்காகவா சேர்த்து வைத்தது? மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலத்துப் பயிர் அது. ஒரு தூறல் விழும், பிறகு நிலம் காயும். அந்த ஒரு தூறலின் ஈரத்தை உறிஞ்சி, கருவைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்வது பிசினின் முதல் வேலை. முளை வெளியே வந்ததும் விதையே நொதிகளைச் சுரந்து பிசினை அறுத்துச் சர்க்கரையாக்கி நாற்றுக்கு ஊட்டுகிறது. முளைவிட்ட ஓரிரு நாளில் பிசின் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆக, சர்க்கரைக்கு நல்லது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் முளைகட்டிய வெந்தயப் பொடியில் வேறு சத்துகள் இருக்கலாம். நாம் தேடிப்போன சரக்கைச் செடி ஏற்கெனவே தின்றுவிட்டது. அட்டையில் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

அளவு இன்னொரு சிக்கல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளுக்கு 100 கிராம் வீதம் மதிய, இரவு உணவில் கலந்து 10 நாள் கொடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறிய சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. 1996-இல் வெளியான பெரிய ஆய்வில் 60 பேர், நாளுக்கு 25 கிராம், 24 வாரம். நம் தேக்கரண்டி ஒன்று நான்கைந்து கிராம்தான் பிடிக்கும். தாளிப்பில் பொரியும் பத்து விதை வாசனைக்கு. அதை மருந்துக் கணக்கில் எழுதக் கூடாது.

சித்தூர் 1911 வரை வடஆற்காட்டின் தலைமையிடம். அதனால் அங்கே தமிழ்ச் சமையலும் தெலுங்குச் சமையலும் ஒரே அடுப்பில் வேகின்றன. இரண்டிலுமே வெந்தயம் தாராளம். ஆவக்காயில் உண்டு, புளியோதரைப் பொடியில் உண்டு. ஆனால் ஆவக்காயோடு உப்பும் எண்ணெயும் வரும். புளியோதரையில் கைப்பிடிப் பொடிக்கு ஒரு குண்டான் பச்சரிசி. திருப்பதியில் பிரசாதமாகக் கையளவு வாங்கிச் சாப்பிடுவது வேறு, வீட்டில் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு ‘வெந்தயம் இருக்கிறதே’ என்பது வேறு. அரிசிக்குப் பதில் ராகி சங்கட்டி (களி) தேவலை என்பார்கள். நைசாக அரைத்த மாவும், அதில் சேர்க்கும் நொய்யரிசியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அரை உருண்டையும் நிறையக் கீரையும் என்றால் சரி.

வாசகர் இனி விதையைக் கொட்டாமல் தோசை மாவோடு அரைக்கட்டும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மெல்ல ஏற்றட்டும். எடுத்த எடுப்பில் கூட்டினால் வயிறு உப்பும், போக்கும் பிடிக்கும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். மருந்தும் வெந்தயமும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கலாம். குளுக்கோஸைத் தாமதப்படுத்தும் அதே பிசின் மாத்திரையையும் தாமதப்படுத்தக்கூடும்.