பிளக்கைப் பார், பிறகு பம்ப்பைத் தொடு!

தலைநகர் தில்லியில் எந்த வண்டிக்கு எந்தச் சாமான் வேண்டுமானாலும் காஷ்மீரி கேட்டுக்குத்தான் போக வேண்டும். மெட்ரோவை விட்டு இறங்கினால் சில நிமிட நடை. பேரிங், கிளட்ச் பிளேட், காயில், பிளக் என்று சந்துக்குச் சந்து கடைகள். அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஒரு கடை வாசலில் தமிழ்க் குரல் கேட்டது.

"அம்பாசடர் பாயிண்ட்டையே போட்டால் ஆகாதா, மாமா?"

கேட்டவன் தொழில் பழகும் பையன். மாமா திரிலோக்புரியில் குடியிருக்கும் சேலத்துக்காரர். இருபது வருஷமாக ஒரு தொழிலதிபர் வீட்டில் டிரைவர். அவர் கையில் பழைய மெர்சிடிஸ் 230 எஸ்.எல். காரின் கைப்புத்தகம்.

1963-ல் ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. கூரை நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்திருப்பதால் 'பகோடா' என்று செல்லப் பெயர். (மாலை டிபனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பௌத்தக் கோயிலின் கூரையை நினைத்து வைத்தது.) 250, 280 என்று வளர்ந்து 1971-ல் உற்பத்தி நின்றது. இதற்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து தள்ளுவது பாஷ் கம்பெனியின் பம்ப்.

வண்டி திணறியது, கறுப்புப் புகை கக்கியது. ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டியபோது, "பம்ப் போய்விட்டது, கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்" என்றார்கள். செலவு லட்சக்கணக்கில். டிரைவர்தான் கண்ட பெட்ரோலைப் போட்டுக் கெடுத்துவிட்டாரோ என்று முதலாளிக்குச் சந்தேகம் வேறு. 1964 முதல் தில்லியில் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் பழைய கார் பேரணியில் வண்டியை ஓட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. "பத்து நாள் கொடுங்கள், முதலில் இக்னிஷனைப் பார்க்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் சேலத்துக்காரர். வேலையே அந்தப் பத்து நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறது, எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதைக் கொண்டு பம்ப் பெட்ரோலை அளக்கிறது. உள்ளே போனது எரிந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. பொறி பலவீனமானால் எரியாத பெட்ரோல் பிளக்கைக் கரியாக்குகிறது; சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயையும் கழுவிவிடுகிறது. பார்ப்பவருக்குப் பெட்ரோல் அதிகம் பாய்வது போலவே தோன்றும். உடனே பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருப்புவார்கள். அதன் பிறகு இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. பாயிண்ட்ஸ்மேன் செய்த தப்புக்கு எஞ்சின் டிரைவரிடம் விளக்கம் கேட்கும் கதைதான்.

தலைகீழ் எண்கள்

கழற்றிய பிளக்குகளைக் கடைக்காரரிடம் காட்டியபோதுதான் முதல் முடிச்சு அவிழ்ந்தது. சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் பிளக் 'குளிர்' பிளக். சூட்டைத் தேக்கிக்கொள்வது 'சூடு' பிளக். ஜப்பானின் என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர். இன்றைய பாஷ் பிளக்கில் எண் குறையக் குறையக் குளிர். போதாததற்குப் பழைய கைப்புத்தகங்களில் உள்ள பாஷின் மூன்று இலக்க எண்களில் எண் கூடினால் குளிர்! முன்பு எவரோ என்.ஜி.கே. 5 என்றிருந்த சீட்டை வைத்துக்கொண்டு பாஷ் 5 வாங்கி மாட்டியிருக்கிறார். அது இந்த எஞ்சினுக்கு மிகக் குளிர். தில்லி நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டியில் அப்படிப்பட்ட பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளாது. மாறாக, அளவுக்கு மீறிய சூடு பிளக் போட்டு விரட்டினால் பிஸ்டனே ஓட்டையாகும்.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளில் 'ஆர்' இருந்தால் பிளக்குக்குள் ரெசிஸ்டர் உண்டு என்று பொருள். ஒயரின் முனைத் தொப்பியிலேயே ரெசிஸ்டர் உள்ள பழைய கார்களில் இரண்டும் சேர்ந்து பொறியை மெலிய வைக்கும்.

பையன் கேட்ட அம்பாசடர் பாயிண்ட்டுக்கு வருவோம். 2014-ல் உற்பத்தி நின்ற அந்தக் காருக்குச் சாமான் இன்றும் கிடைக்கிறது. 1961-ல் தொடங்கி சென்னை பாடியில் நடக்கும் லூகாஸ் டிவிஎஸ் பெட்டியைத் தில்லிக் கடையில் பார்த்தால் நம்மவர்களுக்கு ஒரு சந்தோஷம்தான். ஆனால் அது நாலு சிலிண்டர் வண்டி. டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே 90 டிகிரி. மெர்சிடிஸுக்கு 60 டிகிரிதான். அதற்குள் பாயிண்ட் மூடி, காயில் நிரம்பி, மறுபடி திறக்க வேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 300 பொறி! டிஸ்ட்ரிபியூட்டரும் வேறு, பாயிண்ட் உட்காரவே உட்காராது.

கழற்றிய பாயிண்ட்டின் முகம் தீய்ந்து குழி விழுந்திருந்தது. கண்டன்சர் கெட்டதன் அடையாளம் அது. பாயிண்ட்டை மட்டும் மாற்றிக் கண்டன்சரை விட்டுவைத்தால் புதியதும் சீக்கிரமே தீயும். காயிலிலும் கவனம் வேண்டும். எதிர்ப்பு குறைந்த காயிலை பாலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் பாயிண்ட் கருகிவிடும்.

போலிச் சரக்கு எந்த ஊரிலும் உண்டு. நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிரும் பிளக், ரிவெட் ஆடும் பாயிண்ட் இவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பக்கா பில் கேட்டவுடன் கடைக்காரர் முகம் மாறினால் அடுத்த கடைக்கு நடப்பது உத்தமம்.

பாயிண்ட்டே வேண்டாம் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் எலக்ட்ரானிக் கருவி பொருத்துவோரும் உண்டு. வெளியே தெரியாது, அடிக்கடி சரிபார்க்கும் தொல்லையும் இல்லை. ஆனால் நடு வழியில் போனால் போனதுதான். பாயிண்ட் என்றால் உப்புத்தாள் கொண்டு தேய்த்தாவது வீடு சேரலாம். முதலாளிக்குப் பழையது பழையபடியே இருக்க வேண்டும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அன்றாடம் ஓட்டுவதற்கு அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனும் மருமகனும் பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், ஆறு பிளக் எல்லாவற்றையும் மாற்றினார்கள். முதலில் பாயிண்ட் இடைவெளி, அதன் பிறகே டைமிங். வரிசை மாறினால் இடைவெளியைத் தொட்டவுடன் டைமிங்கும் நகர்ந்துவிடும். பம்ப்பில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. முதலாளி தாமே ஓட்டி இந்தியா கேட்டைச் சுற்றிவிட்டு வந்தார். புகை இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பில்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பழைய ஆறு பிளக்குகளைப் பையன் எறியவில்லை. எண் தெரியும்படி ஒரு சோப்பு டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறான்.