மருத்துவ மாணவரும் நிர்ப்பீடனவியலும்

மருத்துவக் கல்லூரியிற் புகும் மாணவர் முதலாண்டிற் கற்பவற்றுட் பலவற்றைக் கண்ணாற் காணலாம், கையாலுந் தொடலாம். இதயத்தைக் கையிலேந்தி, குருதி எவ்வழியே புகுந்து எவ்வழியே வெளியேறுகின்றதென விரலை வைத்துப் பார்க்கலாம். நிர்ப்பீடனவியலோ அத்தகையதன்று. சின்னமுத்து ஒருமுறை கண்டவரை அந்நோய் மீண்டும் அணுகாதிருப்பது எதனால் என்று ஆராயும் இத்துறைக்கு இதயம்போலத் தனியுறுப்பு ஒன்றில்லை. என்பு மச்சை, மண்ணீரல், நிணநீர்க்கணுக்கள், குருதி என உடலெங்கும் அது பரந்து கிடக்கின்றது.

மாணவரை முதலில் மிரட்டுவன பெயர்களே. குருதியிலுள்ள நிரப்பிப் புரதங்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டிருக்கிறார்கள். பாடத்தில் முதலில் வரும் வழியில் அவை தொழிற்படும் ஒழுங்கோ 1, 4, 2, 3 என்று போகும். அதன் பின்னரே 5, 6 என நேராகும். முதலில் எண்ணை இட்டுவிட்டு, தொழிலின் வரிசையைப் பின்னர் அறிந்தமையால் வந்த வினை இது. வெண்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுக்கு 1982 முதல் இட்டுவரும் எண்களோ 350 ஐத் தாண்டிவிட்டன. பரீட்சைக்கு முந்திய இரவில் மாணவர் இவற்றை உருப்போடுவர். அடுத்த வாரமே மறந்துவிடுவர். அவர்களை நான் குறைகூறேன்.

ஆயினும், சில பெயர்களின் வரலாற்றைக் கேட்டால் அவை மறவா. நிணநீர்க்குழியங்களை டி என்றும் பி என்றும் இருவகைப்படுத்துவர். பி என்பது என்பு மச்சையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தென்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவ்வெழுத்து கோழியிலிருந்து வந்தது. கோழியின் குதத்தருகே பர்சா எனப்படும் சிறு பையொன்றுண்டு. அமெரிக்காவின் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்பவர் அதன் பயனை அறிய விரும்பி, குஞ்சுகளிலிருந்து அதனை அகற்றி வளர்த்தார். தெளிவான விடை கிட்டவில்லை. அவருடன் பயின்ற திமோதி சாங், உடலிற் பிறபொருளெதிரி உண்டாவதை வகுப்பிற் காட்டுவதற்கெனச் சில கோழிகளைக் கேட்டார். கிளிக் தம் கோழிகளைக் கொடுத்தார். ஊசி ஏற்றியும் அவற்றுட் பலவற்றிற் பிறபொருளெதிரி தோன்றவில்லை. பாடம் பிழைத்தது! விசாரித்தபோது, அவை பர்சா நீக்கப்பட்டவை எனத் தெரிந்தது. 1956 இல் அவர்களுடைய கட்டுரை கோழி வளர்ப்பியல் இதழொன்றில் வெளியாயிற்று. அத்தகைய இதழை மருத்துவர் புரட்டுவது அரிதன்றோ? 1961 இல் ஜாக் மில்லர் என்பார் இலண்டனிற் பிறந்த எலிக்குஞ்சுகளிலே தைமசுச் சுரப்பியை நீக்கிப் பார்த்து, பயனற்றதெனப் பலராலும் கருதப்பட்ட அவ்வுறுப்பின்றி நிர்ப்பீடனம் குன்றுவதைக் காட்டினார். டி என்ற எழுத்து அதனின்றும் வந்தது.

இவையெல்லாம் வகுப்பறைக்குள் நிகழ்வன. உண்மையான பரீட்சை நோயாளர் விடுதியிற் காத்திருக்கின்றது. பெனிசிலின் ஏற்றப்பட்ட ஒருவருக்குச் சில நிமிடங்களில் தோல் தடிக்கின்றது, மூச்சு இழுக்கின்றது, நாடி தளர்கின்றது. முன்னொருமுறை அம்மருந்து உட்சென்றபோது உண்டான ஈ வகைப் பிறபொருளெதிரிகள் மாஸ்ட் குழியங்களின்மேல் ஒட்டிக் காத்திருந்தன; இப்போது அக்குழியங்கள் ஹிஸ்தமீனையும் வேறு பல பொருள்களையும் ஒருங்கே கொட்டிவிட்டன. ஹிஸ்தமீன் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் மாணவர் அதற்கு மாற்றான மருந்தைத் தேடி நிற்பார். குருதிக்கலன்கள் விரிந்து கசிவதையும் மூச்சுக்குழல் சுருங்குவதையும் விளங்கிக்கொண்டவரோ, இரண்டையும் எதிர்க்கவல்ல அதிரினலீனைத் தாமதமின்றித் தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்ற வேண்டுமென்பதை அறிவார். அங்கே நிமிடங்களே உயிர்.

அன்று அருகில் நின்று பார்த்த மாணவர், அடுத்த நோயாளிக்கு ஊசி எடுக்குமுன் தாமாகவே கேட்பார்: “ஐயா, இதற்கு முன் ஏதேனும் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?”